எரிந்த காட்டில் மிச்சமிருப்பது என்ன? காட்டுத்தீயும் அதன்பின் வரும் மரவெட்டும்

தீ அணைந்து இரண்டு வாரம் ஆன காட்டுக்குள் நுழைந்தால் கண்ணில் படுவதெல்லாம் கறுப்புதான். மரங்கள் கரிக்கட்டையாக நிற்கும், தரை முழுக்கச் சாம்பல் கிடக்கும், பேருக்குக்கூட ஒரு பச்சை இலை இருக்காது. எல்லாம் போய்விட்டது என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் அதே இடத்தில் சாம்பலைக் கையால் ஒதுக்கி ஒரு சாண் ஆழம் தோண்டினால், சில விரற்கடைக்குக் கீழேயே வெளுத்த வேர்கள் ஈரத்தோடு கிடக்கும். கிள்ளிப் பார்த்தால் உள்ளே சதை உயிரோடு இருக்கும். கரிந்த மரத்தின் உச்சியில் காய்கள் வாய் திறந்து விதையை உதிர்த்துக்கொண்டிருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள ஒவ்வொரு செடியைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். தீக்குப் பிறகு மீண்டும் வர அது எதைச் சேமித்து வைத்திருக்கிறது? அந்தச் சேமிப்பு எங்கே இருக்கிறது? எப்போது செலவாகிறது? தீக்குப் பின் மரம் வெட்டுவதால் கேடு உண்டா, எவ்வளவு என்பதற்கும் இதே மூன்று கேள்விகளில்தான் விடை இருக்கிறது. அதனால் தீயைப் பற்றி முதலில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எவ்வளவு சூட்டில் செடி சாகும்?

உயிருள்ள தாவரத் திசு சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் போல இருந்தால் செத்துவிடும். காட்டுத்தீயின் சுவாலையோ பல நூறு டிகிரி. இந்தக் கணக்குப்படி எதுவும் பிழைக்கக் கூடாது. பிழைப்பதற்குக் காரணம், மண்ணும் மரப்பட்டையும் சூட்டை மிக மெதுவாகக் கடத்துவதுதான். புல்லும் சருகும் எரிந்து சில நிமிடங்களில் தீ நகர்ந்துவிட்ட இடத்தில், மேல்மண் எவ்வளவு கொதித்திருந்தாலும் 5 சென்டிமீட்டருக்குக் கீழே பெரும்பாலும் 60 டிகிரி எட்டுவதில்லை. மண்ணில் ஈரம் இருந்தால் பாதுகாப்பு இன்னும் கூடும். அந்த ஈரம் ஆவியாகித் தீரும்வரை மண்ணின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது.

ஆகவே சுவாலை எவ்வளவு உயரம் எழும்பியது என்பதைவிட, சூடு ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் தங்கியது என்பதே முக்கியம். மர உயரத்துக்கு எழும்பி நிமிடத்தில் கடந்துபோகும் உச்சித்தீ மண்ணுக்கடியில் உள்ள கிழங்கைத் தொடாமல் போகலாம். விழுந்து கிடக்கும் பருத்த கட்டை ஒன்று இரவு முழுக்கக் கனன்றால், அதன் அடியில் உள்ள வேரும் விதையும் ஒன்றுவிடாமல் வெந்துவிடும். தடிமனான மக்குப் படுகை புகைந்து எரியும் இடத்திலும் இதே கதைதான்.

இதைத் தரையிலேயே படித்துவிடலாம். சருகு கருகி, சுள்ளிகள் பாதி எரிந்து கிடந்தால் தீ லேசானது. சாம்பல் கறுப்பாக இருந்து, மேல்மண்ணில் நூல் போன்ற மெல்லிய வேர்கள் அறாமல் இருந்தால் நடுத்தரம். சாம்பல் வெள்ளையாக, அதன் கீழே மண் செங்கல் நிறமாகச் சிவந்து, மெல்லிய வேர்கள் காணாமல் போயிருந்தால் அந்த இடத்தில் மண்ணின் சேமிப்பு போய்விட்டது. ஒரே காட்டில், பத்தடி இடைவெளிக்குள் இந்த மூன்றையும் பார்க்கலாம். அதனால்தான் "முழுக்காடும் எரிந்தது" என்று சொல்லும் வரைபடத்தை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

சேமிப்பு எங்கெங்கே இருக்கிறது

பட்டை தடித்த மரங்களுக்குச் சேமிப்பு அவற்றின் உடம்பேதான். பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு பிழைத்தால் மரம் பிழைக்கும். சூடு பட்டையைக் கடந்து கேம்பியத்தைக் கொல்ல எடுக்கும் நேரம் பட்டைத் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது: தடிமனைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 2.9ஆல் பெருக்கினால் நிமிடங்கள் கிடைக்கும். 1 சென்டிமீட்டர் பட்டை ஏறக்குறைய 3 நிமிடம் தாங்கும். 2 சென்டிமீட்டர் 12 நிமிடம். 3 சென்டிமீட்டர் 26 நிமிடம். வயதான பாண்டெரோசா பைனும் லார்ச்சும் தரைத்தீயில் நின்று பிடிப்பதும், அதே இனத்தின் இளங்கன்று அதே தீயில் சாவதும் இந்தக் கணக்கால்தான்.

அடுத்தது மொட்டு. மேலே உள்ளதெல்லாம் எரிந்தாலும் கீழே மொட்டு இருந்தால் செடி துளிர்க்கும். பெரணிகளுக்கும் பல புல்லினங்களுக்கும் அது மண்ணுக்குள் படுத்திருக்கும் தண்டில் இருக்கிறது. பல யூகலிப்டஸ் இனங்களுக்கு அடிமரத்தில் கட்டைக்கிழங்கு போன்ற பருத்த முடிச்சு உண்டு. அதற்குள் மொட்டுகளும் மாவுச்சத்தும் சேர்ந்தே இருக்கும். இன்னும் பல யூகலிப்டஸ்கள் தண்டு நெடுகப் பட்டைக்கு அடியாழத்தில் மொட்டுத் திசுவை வைத்திருக்கின்றன. தீக்குப் பின் கரிந்த தண்டே மேலிருந்து கீழ்வரை பச்சை மயிர் முளைத்தது போலத் தழைப்பது இதனால்தான். ஆஸ்பென் மரத்துக்கு வழி வேறு. உச்சி செத்ததும், அங்கிருந்து வேருக்கு இறங்கி வேர்த்துளிரை அடக்கி வைத்திருந்த ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நின்றுபோகிறது. தரைக்கு வெகு அருகில் ஓடும் வேர்களிலிருந்து கன்றுகள் கூட்டமாகக் கிளம்புகின்றன. ‘தரைக்கு வெகு அருகில்’ என்பதை நினைவில் வையுங்கள், மரவெட்டைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

மூன்றாவது, மண்ணில் உறங்கும் விதை. அமெரிக்க மேற்குப் பகுதிக் காடுகளில் வளரும் சீயனோதஸ் என்ற புதரின் விதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கடுகைவிடச் சற்றே பெரியது, பழுப்பு நிறம், பளபளப்பான கெட்டி ஓடு. அந்த ஓடு நீரை உள்ளே விடாது. எவ்வளவு மழை பெய்தாலும் விதை நனையாமல், முளைக்காமல், மண்ணுக்குள் நூறு ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மேலே இருந்த புதர்கள் மர நிழலில் எப்போதோ மடிந்து, அந்த இடத்தில் சீயனோதஸ் இருந்த சுவடே இல்லாமல் போயிருக்கும். தீ வந்து மண்ணை 80, 90 டிகிரிக்குச் சூடாக்கும்போது ஓட்டில், விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பருகே, நுண்ணிய பிளவு விழுகிறது. அதன் வழியே முதன்முறையாக நீர் உள்ளே போகிறது. அப்போதும் விதை உடனே முளைத்துவிடாது. குளிர்காலம் முழுக்க ஈரக் குளிரில் கிடந்த பிறகு, வசந்தத்தில்தான் முளைவிடும். முதலில் சூடு, பிறகு குளிர் என்ற இந்த வரிசை தீ வந்ததையும் குளிர்காலம் கழிந்ததையும் விதைக்கு அறிவிக்கிறது. இந்தப் புதர் வேரில் நைட்ரஜனையும் நிலைநிறுத்தும். தீயில் ஆவியாகிப் போன நைட்ரஜன் காட்டுக்குத் திரும்பிவரும் வழிகளில் அதுவும் ஒன்று.

சில விதைகளுக்குச் சூடு வேண்டாம், புகையே போதும். எரிந்த தாவரத்திலிருந்து வரும் கேரிக்கின் என்ற வேதிப்பொருள்கள் மழைநீரில் கரைந்து மண்ணில் இறங்கி விதையை எழுப்புகின்றன. 2004ஆம் ஆண்டு மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைப் பிரித்தறிந்தார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கர் மக்களின் மொழியில் புகைக்கு வழங்கும் ‘கேரிக்’ என்ற சொல்லிலிருந்துதான் பெயரும் வந்தது.

நான்காவது, மரத்தின் மேலேயே இருக்கும் விதைப்பெட்டி. லாட்ஜ்போல் பைன் மரங்கள் பலவற்றின் கூம்புகள் பிசினால் ஒட்டி மூடியிருக்கும். 45 முதல் 60 டிகிரி சூட்டில் பிசின் இளகிச் செதில்கள் விரியும். தடித்த கூம்புக்குள் விதை சூடு தாங்கிக்கொள்ளும். 1988இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஏறக்குறைய 3.2 லட்சம் ஹெக்டேர், அதாவது பூங்காவில் 36 சதவீதம், தீயின் எல்லைக்குள் வந்தது. அதன்பின் முளைத்த லாட்ஜ்போல் கன்றுகளின் அடர்த்தி ஹெக்டேருக்குப் பூஜ்யத்திலிருந்து 5 லட்சத்துக்கும் மேல் வரை இருந்தது. எரிவதற்கு முன் அந்தந்த இடத்து மரங்களில் மூடிய கூம்புகள் எத்தனை இருந்தன, தீ எவ்வளவு கடுமையாக இருந்தது என்பவைதான் இந்த வேறுபாட்டைப் பெரிதும் முடிவுசெய்தன.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வளரும் மலை ஆஷ் என்ற யூகலிப்டஸும் இந்த வகைதான். பூக்கும் தாவரங்களிலேயே மிக உயரமானது அது. மற்ற யூகலிப்டஸ்களைப் போல நன்றாகத் துளிர்க்கும் திறன் அதற்கு இல்லை. கடுந்தீயில் மரம் சாகும், சாகும்போது காய்களிலிருந்து விதையைச் சாம்பல் படுக்கையில் கொட்டிவிட்டுச் சாகும். புதிய கன்று போதுமான விதை தர 15 முதல் 20 ஆண்டு ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் விதைநெல்லே இல்லாத நிலைதான். அங்கே காடு வேலமர இனங்களின் கைக்குப் போய்விடும்.

இவை எதுவும் இல்லாதவை வெளியிலிருந்து வந்தாக வேண்டும். ஃபயர்வீட் என்ற செடியின் பஞ்சு விதை காற்றில் நெடுந்தூரம் பறந்து வரும். எரிந்த நிலத்தில் முதல், இரண்டாம் கோடையில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடப்பது பெரும்பாலும் அதுதான். டக்ளஸ் ஃபர் போன்ற ஊசியிலை மரங்களின் விதைக்கு அவ்வளவு தூரம் வராது. பெரும்பகுதி தாய்மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரத்துக்குள் விழுந்துவிடும். பரந்து எரிந்த நிலத்தின் நடுவில், பிழைத்த மரம் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லாத இடத்தில், இவை திரும்புவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். நிழலை நம்பி வாழும் பாசிகளும் மென்செடிகளும் அதற்கும் பிறகுதான்.

சேமிப்பு காலியாகும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகள்

தீ முடிந்த அன்று மண்ணிலும் மரத்திலும் சேமிப்பு பத்திரமாக இருக்கிறது. அடுத்த வசந்தத்தில் அது செலவாகத் தொடங்குகிறது. மூடிய கூம்பு திறந்துவிட்டால் மறுபடி மூடாது. ஓடு பிளந்த விதை முளைத்தாக வேண்டும், இல்லையென்றால் அழுகும். துளிர்க்கும் செடி வேரிலிருந்த மாவுச்சத்தைச் செலவழித்து இலை விடுகிறது. அந்த இலைகள் ஒரு பருவமாவது வேலை செய்தால்தான் கிடங்கு மறுபடி நிறையும். அதற்குமுன் துளிர் நசுங்கினால் இரண்டாவது முறை துளிர்க்கக் குறைந்த சத்துதான் இருக்கும். மூன்றாவது முறை எழாமலே போகலாம்.

அதாவது விதைநெல் முழுவதையும் வயலில் இறைத்துவிட்டு முளைக்குக் காத்திருக்கும் நிலை. முதல் வசந்தம் தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டு வரை, காடு பார்ப்பதற்குத் தேறிவருவது போல இருக்கும், உண்மையில் அதன் வாழ்நாளில் இதைவிட மெலிந்த காலம் கிடையாது. பெரும்பாலான இடங்களில் மரவெட்டும் இந்தக் காலத்தில்தான் நுழைகிறது.

எரிந்த மரத்தை ஏன் வெட்டுகிறார்கள்

காரணங்கள் வலுவானவை. செத்த மரத்தின் விலை நாளுக்கு நாள் இறங்கும்: மாதக்கணக்கில் நீலம்பாரிக்கும் பூஞ்சை ஏறும், துளைவண்டுகள் இறங்கும், காய்ந்து பிளவு விழும். மெலிந்த மரங்கள் ஓரிரு ஆண்டிலேயே அறுக்க லாயக்கற்றுப் போகும், பருத்தவை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சாலையோரத்திலும் முகாம் இடங்களிலும் நிற்கும் செத்த மரம் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. அங்கே வெட்டித்தான் ஆக வேண்டும். மறுநடவு செய்ய உள்ளே போகும் ஆட்களின் பாதுகாப்பும் இதில் அடங்கும். பல ஆண்டுகள் கழித்து இந்த மரங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தால் அடுத்த தீக்கு அது கனமான எரிபொருள் என்ற வாதமும் உண்டு. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

யந்திரம் இறங்கும்போது நடப்பது

முதலில் நேரடிச் சேதம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2002இல் பிஸ்கட் தீ என்று பெயர் பெற்ற தீ ஏறக்குறைய 2 லட்சம் ஹெக்டேரை எரித்தது. அங்கே மரவெட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே இடங்களில் கன்றுகளை எண்ணினார்கள். 2006இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, தானாக முளைத்திருந்த ஊசியிலைக் கன்றுகளின் இடைநிலை எண்ணிக்கை ஹெக்டேருக்கு 767இலிருந்து 224ஆகக் குறைந்தது. 71 சதவீத இழப்பு. தரையில் சேர்ந்த சுள்ளி, கிளை எரிபொருளும் கூடியது. இந்த ஆய்வு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. மறுத்தவர்கள் சொன்னது: வெட்டியது இரண்டாண்டு கழித்து, கன்றுகள் முளைத்த பிறகு, முன்பே வெட்டியிருந்தால் கன்றுகளே இருந்திருக்காது, இழப்பும் இருந்திருக்காது. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. கேட்டை முடிவுசெய்வது காலம்தான் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் திட்டமிடுதல், ஏலம், அனுமதி, வழக்கு எல்லாம் முடிந்து யந்திரம் காட்டுக்குள் வர இரண்டு ஆண்டு ஆவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

கன்று எப்படிச் சாகிறது என்பதைக் கவனியுங்கள். முதல் கோடையில் ஒரு பைன் கன்று விரல் நீளம் தான் இருக்கும். நடுவில் ஒரு குருத்து, அதைச் சுற்றிக் குடைக்கம்பி போல ஊசி இலைகள். சாம்பல் நிறத் தரையில், குனிந்து தேடுபவர் கண்ணுக்கே அது தப்பும். உயரத்தில் உட்கார்ந்து யந்திரம் ஓட்டுபவருக்குத் தெரிய வழியே இல்லை. வெட்டிய மரத்தை ஒரு முனை தரையில் உரசும்படி இழுத்து வரும்போது, அது போகும் தடத்தில் மேல்மண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வழிக்கப்பட்டுவிடும். கன்றின் வேரும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. இழுவைப் பாதைக்கு வெளியே இருப்பவற்றில் ஒரு பகுதி கழித்துப் போட்ட கிளைக்குவியலின் அடியில் மூச்சுத் திணறிச் சாகிறது.

இரண்டாவது, மண் இறுகுதல். கனரக யந்திரத்தின் முதல் சில ஓட்டங்களிலேயே பெரும்பகுதி இறுக்கம் வந்துவிடும்; பத்து முறை ஓட்டினால் பத்து மடங்கு கேடு என்று கணக்கில்லை. பாதைகளை வகுக்காமல் யந்திரத்தைக் கண்டபடி அலையவிட்டால் ஏன் அவ்வளவு கெடுதல் என்பது இதிலிருந்தே புரியும். இறுகிய மண் தளர்வதற்குப் பத்தாண்டுகள் பல ஆகும். ஆஸ்பென் வேர்களின் கதையை இங்கே நினைத்துப் பாருங்கள். மேல்மண்ணில் ஓடும் அந்த வேர்களை ஈர மண்ணில் டயர் நசுக்கினால், தீ தொடாமல் விட்ட சேமிப்பை யந்திரம் தொட்டுவிடுகிறது.

இதோடு தீயே செய்துவைத்த ஒரு சிக்கலும் சேரும். எரியும் சருகிலிருந்து ஆவியாகும் மெழுகுப் பொருள்கள் சற்றுக் கீழே குளிர்ந்த மண்ணில் படிந்து, நீர் ஒட்டாத படலத்தை உண்டாக்கும். சோதிப்பது எளிது. சாம்பலை ஒதுக்கி மண்ணில் ஒரு துளி நீர் விடுங்கள். 5 விநாடிக்குள் உறிஞ்சினால் சரி. அதற்கு மேலும் முத்துப் போல உருண்டு நின்றால் படலம் இருக்கிறது, ஒரு நிமிடம் தாண்டினால் வலுவான படலம். சென்டிமீட்டர் சென்டிமீட்டராகச் சுரண்டி ஒவ்வொரு ஆழத்திலும் சோதிக்க வேண்டும். மேலே நன்றாக உறிஞ்சிவிட்டு 3 சென்டிமீட்டரில் நிற்பது உண்டு. இப்படிப்பட்ட சரிவில் இழுவைத் தடம் விழுந்தால், மழைநீருக்கு அது வாய்க்காலாகிவிடும். விதையும் சாம்பலும் மேல்மண்ணும் அதோடு போய்ச்சேரும்.

மூன்றாவது கேடு கண்ணுக்குத் தெரியாதது, நிழல் போவது. கரிக்கட்டையாக நின்றாலும் மரம் நிழல் தரும், காற்றைத் தடுக்கும். ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில் 2005இல் எரிந்த பைன் காட்டில் மூன்று வகையாகச் சோதித்தார்கள். ஒரு பகுதியை அப்படியே விட்டார்கள். இன்னொரு பகுதியில் பெரும்பாலான மரங்களை வெட்டி, கிளை கழித்து, எதையும் வெளியே எடுக்காமல் தரையிலேயே போட்டார்கள். மூன்றாவதில் வழக்கம் போல மரத்தை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். கட்டையும் கிளையும் கிடந்த இடத்தில், சுத்தம் செய்த இடத்தைவிடக் கன்றுகள் நன்றாகப் பிழைத்தன. எரிந்த கிளை வறண்ட கோடையில் வெயிலைத் தணித்து ஈரத்தைக் காப்பாற்றியது. ஓக் கொட்டைகளை எடுத்துப் புதைத்து வைக்கும் ஜே பறவையும் மொட்டைத் திடலைவிடக் கரிமரங்கள் நிற்கும் இடத்தையே தேடிப் போனது. கொட்டை தானாக மலையேறாது. பறவை போகாத இடத்தில் ஓக் வராது. ‘சுத்தமான’ தரையைப் பார்த்து வேலை நன்றாக முடிந்தது என்று மகிழ்வது தவறு என்பதை எனக்கு இந்த ஆய்வைவிடத் தெளிவாகச் சொன்னது வேறில்லை.

நான்காவது, துளிர்க்கும் இனங்கள். விக்டோரியாவின் மலை ஆஷ் காடுகளில் 2009 பிப்ரவரி 7 அன்று ‘கறுப்புச் சனிக்கிழமை’ தீ எரிந்தது. அதன்பின் எரிந்து மட்டும் இருந்த காட்டையும், எரிந்தபின் வெட்டப்பட்ட காட்டையும் ஒப்பிட்டபோது மரப்பெரணிகளும் துளிர்க்கும் புதர்களும் வெட்டிய இடத்தில் வெகுவாகக் குறைந்திருந்தன. மரப்பெரணிக்குத் தண்டின் உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான். நார் போர்த்திய தண்டு அதைத் தீயிலிருந்து காக்கும். எரிந்து சில வாரங்களில் சுருண்ட பச்சை இலை எட்டிப் பார்க்கும். யந்திரம் அந்தத் தண்டைச் சாய்த்து நசுக்கிவிட்டால், பக்கத்தில் வேறு மொட்டு இல்லை. விதையிலிருந்து முளைக்கும் செடிகள் அதே நிலத்தில் நன்றாகவே முளைத்தன. எண்ணிப் பார்த்தால் நிலம் பசுமையாகத்தான் தெரியும், எந்தச் செடி என்று பார்த்தால்தான் இழப்பு புரியும்.

கடைசியாகக் களை. யந்திரச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றில் சீட்கிராஸ் போன்ற ஊடுருவல் புற்களின் விதை வரும். போட்டியில்லாத வெற்று நிலத்தில் அது ஒரு முறை வேரூன்றினால், சீக்கிரம் காய்ந்து அடுத்த தீயை முன்கூட்டியே அழைத்துவரும்.

அடுத்த தீக்கு எரிபொருள் குறையுமா?

குறையும், ஆனால் உடனே அல்ல. வெட்டும்போது கிளையும் உச்சியும் ஒரே நாளில் தரைக்கு வருகின்றன. வெட்டாமல் விட்டால் அவை பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக விழும். வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களின் கிழக்குப் பகுதியில் 68 தீக்களில் எரிந்த 255 காட்டுப் பகுதிகளை ஆராய்ந்தபோது, முதல் ஐந்தாண்டு போல வெட்டிய இடத்தில் தரை எரிபொருள் அதிகமாகவும், அதன்பின் சுமார் நாற்பதாண்டு வரை வெட்டாத இடத்தில் அதிகமாகவும் இருந்தது. பிஸ்கட் தீ 1987இல் எரிந்த ஒரு பகுதியை மறுபடி எரித்தபோதோ, முன்பு வெட்டி மறுநடவு செய்த இடங்கள் சும்மா விட்ட இடங்களைவிடக் கடுமையாக எரிந்தன. இரண்டும் முரண் போலத் தெரியும், ஆனால் அளந்தவை வேறு. முதலாவது கிடக்கும் மரத்தை மட்டும் அளந்தது, இரண்டாவது நட்ட இளம் ஊசியிலை மரங்களின் நெருக்கத்தோடு சேர்த்து அளந்தது. பெரிய கட்டையை எடுத்துவிட்டு, சுள்ளியை விட்டு, அதன்மேல் ஒரே வயதுக் கன்றுகளை நெருக்கி நட்டால் தீக்கு விருந்து வைத்தது போல ஆகும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

கன்றுக்கு நல்லது, முளைப்பதற்கு முன் வெட்டுவது. மண்ணுக்கு நல்லது, தரையில் கொஞ்சமாவது மூடாக்கு வந்தபின் வெட்டுவது. இரண்டும் எதிரெதிர். பனி விழும் நாடுகளில் இதற்கு நல்ல வழி, தீக்குப் பின் வரும் முதல் குளிர்காலத்தில், மண் உறைந்தோ பனி மூடியோ இருக்கும்போது வேலையை முடிப்பது. உறையாத நாடுகளில் மண் நன்றாகக் காய்ந்த பருவம்தான் மாற்று. ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினால் உருண்டையாகச் சேரும் ஈரம் இருக்கும் நாளில் யந்திரத்தை நிறுத்திவைக்க வேண்டும்.

இழுவைப் பாதைகளை மரம் வெட்டும் முன்பே அடையாளமிட்டு, சுமார் 30 மீட்டருக்கு ஒன்று என வகுத்தால், பாதைகள் விழுங்கும் நிலம் பத்துச் சொச்சம் சதவீதத்துக்குள் அடங்கும். வகுக்காவிட்டால் பரப்பில் பெரும்பகுதி தடமாகிவிடும். கழித்த கிளைகளைப் பாதையிலேயே மெத்தை போலப் போட்டு அதன்மேல் யந்திரம் ஓட வேண்டும். செங்குத்துச் சரிவில் சக்கர யந்திரமே கூடாது. கம்பிவடத்தில் தூக்கி எடுக்கலாம், அதற்கும் வழியில்லாவிட்டால் விட்டுவிடலாம்.

மூடிய கூம்புள்ள பைன் என்றால் உச்சிகளை வெளியே கொண்டுபோகாதீர்கள். திறக்காமல் மிஞ்சிய கூம்புகள் தரைக்கருகில் கிடக்கும்போது வெயிற்சூட்டிலேயே விரிந்து விதை கொட்டும். ஊசி இலை கருகாமல் பழுப்பாக மட்டும் ஆன மரங்கள் நிற்கும் சரிவில் அவசரப்படக் கூடாது. அந்த ஊசிகள் சில வாரங்களில் உதிர்ந்து வெற்று மண்ணுக்குப் போர்வையாகும், செலவில்லாத மூடாக்கு அது. உயிரோடு உள்ள மரம் எதுவும் தப்பித்தவறிக்கூட வெட்டுப்படக் கூடாது, ஏனென்றால் விதை வரவேண்டியது அதிலிருந்துதான். கிளைகள் பழுப்பேறியதை வைத்து மரம் செத்தது என்று முடிவுகட்டாமல், அடிமரத்தில் நான்கு பக்கமும் சிறு துளையிட்டுக் கேம்பியத்தைப் பார்க்க வேண்டும். ஈரமாக, வெளுப்பாக, நெகிழ்வாக இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாகக் காய்ந்தோ புளித்த வாடை அடித்தோ இருந்தால் அந்தப் பக்கம் செத்தது.

யந்திரம் காட்டுக்குள் நுழையும் முன்பே கழுவப்பட வேண்டும். வெளியே வரும்போது கழுவுவது அடுத்த காட்டுக்குத்தான் உதவும்.

தேறுகிறதா என்று எண்ணுவது எப்படி

கன்றுகளுக்கு 3.99 மீட்டர் கயிறு ஒன்று போதும். நடுவில் ஒரு இரும்பு முளையை அடித்து, கயிற்றைச் சுற்றினால் வரும் வட்டம் 50 சதுர மீட்டர். உள்ளே உள்ள கன்றுகளை எண்ணி 200ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு. 4 கன்று இருந்தால் 800. சிறு செடிகளுக்கு அதே வட்டத்துக்குள் 1 மீட்டர் சதுரச் சட்டம் வைத்து, ஒவ்வோர் இனமும் தரையில் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். துளிரா, விதையிலிருந்து வந்த முளையா என்பதை மறக்காமல் எழுதுங்கள். ஐயமிருந்தால் பக்கத்தில் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள்: துளிருக்குக் கீழே பழைய தடித்த வேர் இருக்கும், முளைக்கு நூல் வேர்தான்.

சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். பத்து வட்டத்தில் ஒன்றில் 300 கன்றும் மற்ற ஒன்பதில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் சராசரி அழகாக வரும், காடு வராது. ஒரு கன்றாவது உள்ள வட்டங்கள் எத்தனை என்ற கணக்கையும் கூடவே வையுங்கள். ஒப்பிட, வெட்டாமல் விட்ட இடமும் வேண்டும். அதுவும் அதே கடுமையில் எரிந்த, அதே சரிவுள்ள இடமாக இருக்க வேண்டும். லேசாக எரிந்து தப்பித்த மூலையை ‘வெட்டாத காடு’ என்று ஒப்பிட்டு மரவெட்டைக் குறைசொல்வதும், கடுமையாக எரிந்த மேட்டை ஒப்பிட்டு மரவெட்டை மெச்சுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

முதல் கோடையில் எண்ணியதை முடிவாக எடுக்காதீர்கள். அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி முதல் வறட்சியில் போய்விடும். முதல், இரண்டாம், ஐந்தாம் ஆண்டுகளில் அதே இரும்பு முளைகளுக்குத் திரும்பிப் போய் எண்ணுங்கள். ஒவ்வோர் இனமும் முதன்முதலாகப் பூத்துக் காய்த்த ஆண்டைத் தனியாகக் குறித்து வையுங்கள். மண்ணிலும் மரத்திலும் விதைக்கிடங்கு மீண்டும் நிரம்பத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். அடுத்த வெட்டையோ அடுத்த தீயையோ அந்த இடம் எப்போது தாங்கும் என்பதை அங்கிருந்துதான் கணக்கிட முடியும்.